ஒரே பெயரில் இத்தனை மாடல்கள் தேவைதானா?

கேள்வி: மாலை வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக எங்கள் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். வகுப்புக்கு வேண்டிய டேப்லெட்டுகளை வாங்குவதும் பராமரிப்பதும் என் பொறுப்பு. நன்கொடை ஒரே சமயத்தில் சேருவதில்லை. தீபாவளிக்கு முன் கொஞ்சம், பள்ளித் தவணை தொடங்கும்போது கொஞ்சம் என்று வருவதால், டேப்லெட்டுகளையும் சிறுகச் சிறுகத்தான் வாங்க முடிகிறது.

முன்பு வாங்கிய அதே டேப்லெட்தான் வேண்டும் என்று பெயரைச் சொல்லித்தான் இம்முறையும் வாங்கினோம். பெட்டியின் படம், நிறம், பெரிய எழுத்தில் இருந்த பெயர் எல்லாம் ஒன்றாகவே இருந்தன. பிரித்துப் பார்த்தபோதுதான் சார்ஜரின் முனை வேறு என்று தெரிந்தது. உறையை மாட்டினால் கேமராவுக்கான துளை விரற்கடை அளவு விலகி நின்றது. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பயன்படுத்தும் கணிதச் செயலியின் புதிய பதிப்பு புதியவற்றில் ஓடுகிறது, பழையவற்றில் நிறுவவே முடியவில்லை. ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரு பாடத்தையும் மீதிப் பிள்ளைகள் இன்னொன்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துத் தேடியதில், அடிப்பக்கத்தில் பட்டைக்கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் இருந்த மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டுமே வேறாக இருப்பதைக் கண்டோம்.

இதன் பிறகு கடைகளில் கவனித்துப் பார்க்கிறேன். ஒரே பெயருக்குப் பின்னால் லைட், பிளஸ், புரோ, எஸ், 4ஜி, 5ஜி என்று ஒட்டுகள் நீண்டுகொண்டே போகின்றன. மின்னணு நிறுவனங்கள் தேவைக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கும் மாடல்களை வெளியிடுகின்றனவா, அல்லது வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாத தக்க காரணம் ஏதேனும் உண்டா? மாடல்களைக் குறைத்து நன்றாக நடந்த நிறுவனம் எதுவும் இருக்கிறதா? துறை தெரிந்தவர்கள் விளக்கினால் அடுத்த முறை பெற்றோருக்கும் நன்கொடையாளர்களுக்கும் பொறுப்போடு பதில் சொல்ல முடியும்.

பதில் 1: கைபேசி பழுதுபார்ப்பவர், சுங்கை சிப்புட் கடைத்தெரு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கு என் மேசையிலிருந்து பதில் சொல்கிறேன்.

மாடல்கள் அதிகமாக இருப்பது புதிய செய்தி அன்று. நோக்கியா கொடிகட்டிப் பறந்த காலத்தில் அதன் மாடல்களை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் 2003இல் வெளிவந்து 25 கோடிக்கும் மேல் விற்ற நோக்கியா 1100க்கும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள 6600க்கும் பிஎல்-5சி என்ற ஒரே பேட்டரிதான். தோட்டத்தில் யாருடைய பேட்டரி உப்பினாலும் கடையில் அந்த ஒன்றை வாங்கி, நகத்தால் பின்மூடியைத் திறந்து, தாங்களே மாட்டிக்கொள்வார்கள். பழுதுபார்ப்பவரைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. மாடல் நூறு இருந்தாலும் உள்ளே இருந்த உதிரிப்பாகம் பொதுவாக இருந்ததால் யாருக்கும் அது பாரமாகத் தெரியவில்லை.

இன்று நிலைமை வேறு. வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் இரண்டு கைபேசிகளைத் திறந்தால், திரையின் இணைப்பு நாடா வேறு நீளம், பேட்டரியின் வடிவம் வேறு, சார்ஜ் செய்யும் பலகையின் திருகுத் துளை வேறு. அதிகம் விற்ற மாடலின் திரை கோலாலம்பூரிலிருந்து சீக்கிரம் வந்துவிடும். அதன் தம்பி மாடலின் திரைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை வெட்டு முடிந்து, மோட்டாரில் பட்டணத்துக்கு வரும் தோட்டத் தொழிலாளியிடம் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்வது எனக்குச் சுலபம். அவருக்கு அது இன்னொரு வாரம் கைபேசி இல்லாத வாழ்க்கை. பிள்ளையின் பள்ளிச் செய்தி, சம்பளச் செய்தி, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

கடைக்காரருக்கும் இதில் நட்டம் உண்டு. உறையும் டெம்பர்ட் கிளாஸும் மாடல் வாரியாக வாங்கி வைக்க வேண்டும். ஒரு மாடலை நிறுவனம் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால், அதற்கென்று வாங்கியவை கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் என்னைப் போன்றவர்கள் அதிகம் விற்பனையாகும் சிலவற்றுக்கு மட்டும் வாங்கி வைக்கிறோம். மற்ற மாடல் வைத்திருப்பவர்கள் ஈப்போவரை போய்த் தேடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 'ஒரிஜினல் மலேசியா செட்' என்றும் 'ஏபி செட்' என்றும் இரண்டு வழியில் பொருள் வருகிறது. ஏபி செட் வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான பதிப்பாக இருக்கலாம். அதற்கு இங்குள்ள நிறுவன உத்தரவாதம் கிடையாது. ஏற்கெனவே குழப்பமான மாடல் பட்டியல் இதனால் இரண்டு மடங்காகிறது. உங்கள் டேப்லெட்டுகளில் ஒரு தொகுதி அப்படி வந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: பாயான் லெப்பாஸ் பொறியாளர்

நானும் பேராக் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது பினாங்கில் சிப் சோதனைத் துறையில் வேலை செய்பவன். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. அப்போதிலிருந்து தோட்டப்புறத்துப் பெண்கள் பலர் இந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஆசிரியை கேட்கும் 'தக்க காரணம்' பாதியளவுக்கு இந்தச் சோதனை அறையிலேயே பிறக்கிறது. அதை முதலில் விளக்குகிறேன்.

ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் சிப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. செம்பனைக் குலைகளை ஆலையில் தரம் பிரிப்பதுபோல இவற்றையும் சோதித்துப் பிரிக்கிறோம். ஒரு பகுதி மட்டும் பழுதாக இருந்தால் அப்பகுதியை முடக்கிவிட்டு, குறைந்த மாடலாக விற்கலாம். கணினிச் சிப் நிறுவனமான ஏஎம்டி 2008இல் வெளியிட்ட மூன்று கோர் (சிப்புக்குள் கணக்கிடும் பகுதி) ஃபெனம் எக்ஸ்3, நான்கு கோர் சிப்பில் ஒன்றை முடக்கியதுதான். 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் மடிக்கணினியில் தொடக்க விலை மாடலுக்கு 7 கிராஃபிக்ஸ் கோர்களும் அடுத்ததற்கு 8 கோர்களும் இருந்தன. இப்படிப் பிரிக்காவிட்டால் நல்ல சிப்புகள் பல குப்பைக்குப் போகும், மிஞ்சியவற்றின் விலையும் ஏறும். அதோடு, ஒவ்வொரு நாட்டிலும் தொலைத்தொடர்பு அலைவரிசைகள் வேறுபடுகின்றன. அதற்கேற்ற பதிப்புகள் தேவைப்படுகின்றன. இதுவரை எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

மனக்குறை பெயரிடும் இடத்தில்தான் தொடங்குகிறது. 2023இல் கடைக்கு வந்த மடிக்கணினிகளில் ஏஎம்டியின் ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு என்று மூன்று சிப்புகள் இருந்தன. பார்ப்பவர் ஒன்றைவிட ஒன்று சற்றே வேகமானது என்றுதான் எண்ணுவார். உண்மையில் 7520யு என்பது 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு, 4 கோர் கொண்டது. 7530யு ஸென் 3, 6 கோர் கொண்டது. 7540யு ஸென் 4. எண்ணின் மூன்றாம் இலக்கம்தான் வடிவமைப்பின் தலைமுறையைக் காட்டும். அதை விளக்க அந்த நிறுவனமே ஒரு படம் வெளியிட வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் மகளுக்கு மடிக்கணினி வாங்க வரும் பெற்றோர் மூன்றாம் இலக்கத்தை எங்கே பார்க்கப்போகிறார்கள்?

கைபேசியிலும் இதே கதைதான். 2024 ஜனவரியில் உலகச் சந்தைக்கு வந்த ரெட்மி நோட் 13 வரிசையில் ஐந்து மாடல்கள்: நோட் 13, நோட் 13 5ஜி, நோட் 13 புரோ, புரோ 5ஜி, புரோ பிளஸ் 5ஜி. 'புரோ' என்று ஒரே சொல்லைத் தாங்கிய இரண்டில், 4ஜி மாடலுக்கு மீடியாடெக்கின் ஹீலியோ ஜி99 அல்ட்ரா, 5ஜி மாடலுக்குக் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2. அதாவது, மூளையே வேறு நிறுவனத்துடையது. வெறும் நோட் 13இன் 4ஜி, 5ஜி மாடல்களுக்கு உடலின் நீள அகலமும் ஒன்றில்லை. இவற்றைத் தயாரிப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஐந்துக்கும் ஒரே பெயரைச் சூட்டி, மேல் மாடலுக்குக் கிடைத்த நற்பெயரைக் கீழ் மாடலை விற்கப் பயன்படுத்துவதைத்தான் தவறு என்கிறேன்.

மாடல்களைக் குறைத்தவர்கள் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. 1990களின் நடுவில் ஆப்பிள் நிறுவனம் பெர்ஃபார்மா என்ற பெயரில், அநேகமாக ஒரே கணினியையே கூட இணைக்கும் மென்பொருளை மட்டும் மாற்றி, வேறு வேறு எண்களில் விற்றது. 1997இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்து அந்தப் பட்டியலை வெட்டிச் சாய்த்தார். சாதாரணப் பயனர், தொழில்முறைப் பயனர், மேசைக்கணினி, மடிக்கணினி என்று நான்கு கட்டத்துக்குள் அடங்கும் பட்டியலாக அதைச் சுருக்கினார். 1997 நிதியாண்டில் 100 கோடி டாலருக்கும் மேல் நட்டம் கண்ட நிறுவனம் 1998 நிதியாண்டில் 30 கோடி டாலருக்கும் மேல் இலாபம் காட்டியது. பட்டியலைக் குறைத்தது மட்டுமே அதற்குக் காரணமன்று, ஆயினும் அது பெரிய காரணங்களுள் ஒன்று. சாம்சுங் நிறுவனமும் 2014 நவம்பரில், அடுத்த ஆண்டு தன் கைபேசி மாடல்களைக் கால் பங்கிலிருந்து 30 விழுக்காடு வரை குறைக்கப்போவதாக முதலீட்டாளர்களிடம் அறிவித்தது.

குறைத்தவர்கள் குறைத்தபடியே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆப்பிள் 2022 அக்டோபரில் பத்தாம் தலைமுறை ஐபேடை வெளியிட்டபோது, அதற்கு யுஎஸ்பி-சி துளை. ஆனால் அது ஏற்றுக்கொண்ட பேனாவோ பழைய லைட்னிங் முனை கொண்ட முதல் தலைமுறைப் பென்சில். இரண்டையும் இணைக்கத் தனியாக ஒரு சிறு இணைப்பி வேண்டியிருந்தது. சந்தை வளர்ந்து ஒவ்வொரு விலைப்படியிலும் ஒரு பொருளை வைக்கும் ஆசை வந்துவிட்டால், பட்டியல் மறுபடியும் நீண்டுவிடுகிறது.

பதில் 3: தஞ்சோங் மாலிம் மாணவன்

பெரியவர்கள் சொன்னவற்றை மதித்தே, சற்று மாறுபட்ட கருத்தை முன்வைக்க விரும்புகிறேன்.

என் அப்பா தோட்டத்தில் அறுவடை வேலை செய்கிறார். 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. எங்கள் வீட்டில் முதல் திறன்பேசி வந்ததே ஒரு பிரபலமான வரிசையில் மலிவான 4ஜி மாடல் ஒன்று இருந்ததால்தான். எங்கள் தோட்டத்தில் 5ஜி இன்னும் எட்டவில்லை. கிடைக்காத சேவைக்காக அப்பா ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? நிறுவனங்கள் ஒரே மாடலைத்தான் வெளியிட வேண்டும் என்றால் அது நகரத்துக்காரர்களின் விலையில்தான் இருக்கும். மலிவான திரை, சுமாரான கேமரா, பெரிய பேட்டரி என்று ஒன்றைத் தனியாகத் தயாரித்ததால்தான் கொரோனா காலத்தில் என் தங்கை வீட்டிலிருந்தே இயங்கலை வகுப்பில் உட்கார முடிந்தது. மாடல்கள் குறைய வேண்டும் என்று பேசும்போது எந்த மாடல் முதலில் வெட்டப்படும் என்பதையும் யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 4: கைபேசி பழுதுபார்ப்பவர், சுங்கை சிப்புட் கடைத்தெரு

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மலிவான மாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வட்டாரத்தில் 500 வெள்ளிக்குள் இருப்பவைதான் அதிகம் விற்கின்றன, அவற்றை வைத்துத்தான் நானும் பிழைக்கிறேன்.

ஆனால் அந்த மலிவான மாடல் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2024 ஜனவரியில் சாம்சுங் தன் எஸ்24 வரிசைக்கு 7 ஆண்டு மென்பொருள் ஆதரவு தருவதாக அறிவித்தது. அதே நிறுவனத்தின் அடிமட்ட மாடல்களுக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. மாடல்கள் பெருகும்போது ஒவ்வொன்றுக்கும் மென்பொருளைச் சரிபார்த்து அனுப்ப ஆள் வேண்டும், அந்த ஆள்பலம் முதலில் விலை உயர்ந்தவற்றுக்கே போகிறது. ஆசிரியையின் பழைய டேப்லெட்டுகளில் கணிதச் செயலி ஏறாமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கும். மலிவு விலையிலும் இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2024இல் வந்த ஏ16 5ஜி மாடலுக்கு அந்நிறுவனமே 6 ஆண்டு அறிவித்தது. ஆகவே, உங்கள் அப்பாவுக்கு மலிவான கைபேசி வேண்டும், அது நீண்ட நாள் உழைக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே கேட்போம், தம்பி.

பதில் 5: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பயனீட்டாளர் விவகாரங்களில் பல காலமாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில், இதன் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

நமது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்கு நியாயமான காலம்வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் கிடைக்கத் தயாரிப்பாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால், அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை என்று விற்கும்போதே பயனீட்டாளருக்கு முறையாகத் தெரிவித்துவிட்டால் அவர் விலகிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. 'நியாயமான காலம்' என்பது எத்தனை ஆண்டு என்றும் அதில் எண்ணிட்டுச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அதை எண்ணிட்டே சொல்லிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்கும் திறன்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும், அந்த மாடலின் விற்பனை முடிந்த பிறகும் 7 ஆண்டுவரை முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். சார்ஜர் முனையும் 2024 டிசம்பர் 28 முதல் யுஎஸ்பி-சி என்று அங்கே சட்டமாகிவிட்டது. மாடல்களின் எண்ணிக்கையைச் சட்டம் தொடவே இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை ஆண்டு பொறுப்பு என்று சுமத்தினால், தேவையற்ற மாடலை வெளியிடுமுன் நிறுவனமே கணக்குப் போட்டுப் பார்க்கும். எனக்கு இது சரியான வழி என்று படுகிறது. நம் நாட்டிலும் இப்படி ஒரு காலவரையறை வேண்டுமென்று பயனீட்டாளர் சங்கங்கள் வழியாக நாம் எழுத வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022இல் உலகம் முழுவதும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றும் ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. உதிரிப்பாகம் கிடைக்காமல் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் நல்ல கருவிகளும் ஒருநாள் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆசிரியை அவர்களே, நீங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, முன்பு வாங்கியதோடு ஒத்திருக்கும் என்று கடையில் உறுதி சொல்லி விற்றிருந்தால், இரசீதையும் இரண்டு பெட்டிகளையும் பத்திரமாக வையுங்கள். முதலில் கடையோடு பேசிப் பாருங்கள். முடியாதபோது மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளிவரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டு உபயோகத்துக்காக வாங்கியவருக்கே முதன்மையாக அது அமைந்ததால், சங்கத்தின் பெயரில் வாங்கியிருந்தால் ஏற்பார்களா என்பதை முன்னதாகவே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்: மாலை வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பொறியாளர் விளக்கிய பிறகு, எண்ணிக்கையைப் பற்றி எனக்கிருந்த கோபம் தணிந்துவிட்டது. ஒரே பெயரின்கீழ் வேறு பொருளை வைப்பதைப் பற்றிய வருத்தம்தான் கூடியிருக்கிறது. மாணவத் தம்பி சொன்னதும் என் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு நிலைமைதான்.

நன்கொடையைச் சேர்த்து வைத்து, அடுத்த முறை ஒரே தொகுதியாக வாங்குவதென்று எங்கள் குழுவில் பேசியிருக்கிறோம். பழுதுபார்க்கும் அண்ணனிடம் ஒரு கேள்வி: அப்படி வாங்கும்போது கடையில் எதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்? கையில் இருக்கும் பழையவற்றை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிட வேண்டுமா?

பதில் 6: கைபேசி பழுதுபார்ப்பவர், சுங்கை சிப்புட் கடைத்தெரு

விற்பனைப் பெயரை விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் இருக்கும் முழு மாடல் எண்ணை இரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கருவியைத் திறந்ததும் அமைப்புகளில் 'சாதனத்தைப் பற்றி' என்ற பக்கத்தில் அதே எண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். மென்பொருள் ஆதரவு எந்த ஆண்டுவரை என்பதை நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். சந்தைக்கு வந்து சில மாதம் ஆன, நன்றாக விற்கும் மாடலாக எடுங்கள். அதற்குத்தான் திரையும் பேட்டரியும் எளிதில் கிடைக்கும். பிள்ளைகள் கையில் புழங்குவதால் உறைகளையும் டெம்பர்ட் கிளாஸையும் அன்றைக்கே கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

பழையவற்றை விட வேண்டாம். புதிய கணிதச் செயலி ஏறாவிட்டாலும் மின்னூல் படிக்கவும் காணொளிப் பாடம் பார்க்கவும் அவை போதும், கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிடலாம். அவற்றின் மாடல் எண்களைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்புங்கள், எவற்றுக்கெல்லாம் இன்னும் பேட்டரி கிடைக்கிறது என்று கோலாலம்பூரில் விசாரித்து இந்த வாரத்துக்குள் சொல்கிறேன்.